இரண்டு குறிகளும் ஒரு பெயரும்

 

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவன், கணிப்பொறியைப் பற்றி எழுத முன்வருவதைக் கண்டு நீங்கள் வியக்கக்கூடும். நான் வரலாறு படித்த பி.ஏ. பட்டதாரி. இயந்திரங்களுக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, கல்லூரிக் காலத்தில் உத்திரமேரூர்க் கடைத்தெருவின் மாடியில் இயங்கிய டைப்ரைட்டிங் வகுப்பில் லோயர் தேர்வுக்குப் பழகியதுதான். ஆயினும் 2014ஆம் ஆண்டு ரமளான் மாதத்தின் கடைசி இரவில் நிகழ்ந்த ஒன்று, கண்ணுக்குத் தெரியாத இரண்டு சிறு குறிகளைப் பற்றி என்னை அறிந்துகொள்ளச் செய்தது. உங்கள் மஹல்லாவிலும் யாரேனும் ஒருவர் பட்டியல் எழுதிக்கொண்டிருப்பார். அவருக்குப் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பித்ரா அரிசியை வீடு வீடாகச் சேகரித்து, தேவையுடைய இல்லங்களுக்குப் பெருநாள் தொழுகைக்கு முன்பாகவே கொண்டுசேர்ப்பது வழக்கம். அந்தப் பட்டியலை வைத்திருக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னுடையது. வீட்டு எண், குடும்பத் தலைவரின் பெயர், உண்பவர் எத்தனை பேர் என்பது மட்டுமே அதில் இருக்கும். அரிசி மண்டி வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் தம் கடைக் கணிப்பொறியில் அதனை அடித்து, சடசடவென்று ஓசையெழுப்பும் பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் எடுத்துத் தருவார். இரு ஓரங்களிலும் துளையிட்ட, மடிப்பு மடிப்பாக நீளும் அந்தத் தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டியல் ஆங்கில எழுத்தில்தான் வரும். அந்த அச்சுப்பொறியின் வயிற்றுக்குள் இருந்தவை ஆங்கில எழுத்துக்கள் மட்டுமே. மைமூன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். அது இப்போது வேண்டாம்.

அந்த ஆண்டு ரமளானின் கடைசி வாரத்தில் மண்டியின் கணிப்பொறி பழுதாகிவிட்டது. "அச்சுப்பொறியை எடுத்துக்கொண்டு போங்கள் ஹஜ்ரத், அது நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் அந்தச் சகோதரர். என் தங்கையின் மகள் அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கிவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவளிடமும் ஒன்று இருந்தது. அதில் விண்டோஸ் பகுதி வைரஸால் முடங்கிப்போக, கூடவே இருந்த 'பாஸ்' லினக்ஸைத்தான் அவள் பயன்படுத்திவந்தாள். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. பிள்ளை மூன்று நாட்கள் தராவீஹ் நேரத்துக்குப் பின் அமர்ந்து, 146 வீடுகளையும் பிழையின்றி அடித்து முடித்தாள். நான் திரையில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். எல்லாம் நேராக, ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

பிறை தெரிந்த செய்தி வந்த இரவு, மதரஸா அறையில் அச்சுப்பொறியை இணைத்தோம். அதற்கென்று தனி மென்பொருள் எங்களிடம் இல்லை. "பரவாயில்லை மாமா, கோப்பை அப்படியே நேராக அனுப்பிவிடலாம்" என்றாள் அவள். அனுப்பினாள். அச்சுப்பொறி ஓடத் தொடங்கியது.

தாளைப் பார்த்த எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முதற் பெயர் இடது ஓரத்தில் இருந்தது. இரண்டாவது பெயர் அதன் கீழே வராமல், முதற் பெயர் முடிந்த இடத்திற்கு நேர் கீழிருந்து தொடங்கியது. மூன்றாவது அதற்கும் அப்பால். மாடிப்படி போல் பெயர்கள் வலப்பக்கமாக இறங்கிக்கொண்டே போயின. வலது ஓரத்தை முட்டியதும் இயந்திரம் தானாக அடுத்த வரிக்குத் திரும்பி, மிச்சத்தை இடது ஓரத்தில் அடித்தது. அவ்விடத்தில் அகப்பட்ட பெயர் இரண்டாக உடைந்தது. மூன்று நான்கு பெயர்களுக்கு ஒன்று இவ்வாறு உடைந்தது. ஏறக்குறைய நாற்பது பெயர்கள் பாதி அங்கும் பாதி இங்குமாகக் கிடந்தன.

என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று. மடிக்கணினியின் பேட்டரியும் சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. கையிலிருந்தது படிக்கட்டுத் தாள்கள் மூன்று மட்டுமே. எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சத்தில், பெரிய பிள்ளைகள் மூவரை அமர்த்தி, ஆளுக்கொரு தாளாகக் கிழித்துக் கொடுத்து, கையால் படியெடுக்கச் சொன்னேன். உடைந்த பெயர்களை ஒட்டவைத்து அவர்கள் நன்றாகவே எழுதினார்கள். அந்தக் கையெழுத்துப் பட்டியலை வைத்து இரவோடிரவாகப் பொட்டலங்கள் கட்டி, ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் விநியோகித்து முடித்தோம். ஒரு பொட்டலமும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று நானும் நிம்மதியடைந்தேன்.

பெருநாள் தொழுகை முடிந்து, எல்லோரும் முஆனகா செய்துகொண்டிருந்த வேளையில், ஏரிக்கரைப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் என் ஜிப்பாவைப் பிடித்திழுத்தான். "ஹஜ்ரத், பெரியம்மாவுக்கு இந்த வருஷம் ஏன் கொடுக்கல?" என்று கேட்டான்.

அவரைத் தெருவே பெரியம்மா என்றுதான் அழைக்கும். கணவரும் மகனும் மறைந்துவிட்ட மூதாட்டி. தனியாக ஒரு கூரை வீட்டில் இருந்தார். கையேந்தும் வழக்கமில்லாதவர். வருடம் முழுவதும் அவர் எதிர்பார்க்கும் ஒன்று உண்டென்றால் அது பெருநாள் காலையில் வாசலுக்கு வரும் அந்த அரிசிதான். என் வீட்டிலிருந்து அரிசியும் மற்றதும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவருகே தொழுகை விரிப்பின் மேல் அமர்ந்திருந்தார். நான் வாய்திறக்கும் முன்பே அவர் சொன்னார்: "பரவாயில்லை ஹஜ்ரத். இந்த வருஷம் என்னைவிட இல்லாதவங்க யாராவது சேர்ந்திருப்பாங்க, அதனாலதான் நம்ம பேரை எடுத்திருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

வாசகர்களே, அந்த வார்த்தையைக் கேட்டு நான் நின்ற நிலையை எழுத எனக்குத் தெரியவில்லை. பெயரை யாரும் எடுக்கவில்லை, தவறிப்போயிற்று என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்பது இன்றுவரை எனக்கு ஐயமே.

வீடு திரும்பியதும் அந்த மூன்று தாள்களையும் தரையில் விரித்து வரிசையாக ஒட்டவைத்துப் பார்த்தேன். முதல் தாளின் கடைசி வரியில், வலது ஓரத்தில், அவருடைய வீட்டு எண் மட்டும் இருந்தது. பெயர், மடிப்புக்கு அப்பால், இரண்டாவது தாளின் தலைப்பில் இடது ஓரத்தில் இருந்தது. முதல் தாளை எழுதிய பிள்ளை, பெயரில்லாத எண்ணை அடுத்தவன் எழுதுவான் என்று விட்டுவிட்டான். இரண்டாவது தாளை எழுதியவனோ, எண்ணில்லாத பெயரை முன்னவன் எழுதியிருப்பான் என்று விட்டுவிட்டான். பொட்டலங்களைக் கையெழுத்துப் பட்டியலை எண்ணியே கட்டினோம். 146க்குப் பதில் 145. ஒன்றாவது மிஞ்சியிருந்தால் தெரிந்திருக்கும். பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பட்டியலை எண்ணிப் பார்க்காதவன் நான்தான்.

எங்கள் மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர் சென்னையில் கணிப்பொறித் துறையில் பணியாற்றுகிறார். பெருநாளுக்கு ஊர் வந்திருந்த அவரிடம் தாளைக் காட்டினேன். பார்த்தவுடன் சிரித்துவிட்டு, பிறகு என் முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஹஜ்ரத், நீங்கள் டைப்ரைட்டிங் படித்தவர்தானே? வரி முடிந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

வரி முடியும் தறுவாயில் மணி அடிக்கும். இடப்பக்கக் கைப்பிடியைப் பிடித்து வலப்பக்கமாகத் தள்ளுவோம். தாளைச் சுமந்திருக்கும் கேரேஜ் தொடக்கத்துக்குத் திரும்பும். அதே தள்ளலில் உருளையும் சுழன்று தாள் ஒரு வரி மேலேறும். "ஒரே தள்ளல். ஆனால் நடப்பவை இரண்டு வேலைகள், பார்த்தீர்களா?" என்றார். இருபது ஆண்டுகளாக அந்தக் கைப்பிடியை நினைவில் வைத்திருந்த எனக்கு, அது இரண்டு வேலைகளைச் செய்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

தந்தி அலுவலகங்களில் இருந்த டெலிபிரின்டர்களில் தள்ளுவதற்குக் கை இல்லை. தொலைவிலிருந்து கம்பி வழியே கட்டளைதான் வரவேண்டும். ஆகவே அவ்விரு வேலைகளுக்கும் தனித்தனிக் கட்டளைகளை வைத்தார்கள். தொடக்கத்துக்குத் திரும்பு என்பதற்குக் கேரேஜ் ரிட்டர்ன், ஒரு வரி கீழிறங்கு என்பதற்கு லைன் ஃபீட். நம் சென்னை கிண்டியிலேயே 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் டெலிபிரின்டர்ஸ் நிறுவனம், இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் ஒத்துழைப்போடு இத்தகைய இயந்திரங்களைச் செய்து நாடெங்கும் அனுப்பியது. பிறப்பு, இறப்புச் செய்திகளைச் சுமந்து நம் வீடுகளுக்கு வந்த தந்திகளுக்குப் பின்னால் இந்த இரு கட்டளைகளும் இருந்தன. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தது. கட்டளைகள் மட்டும் முடிவுக்கு வரவில்லை.

1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆஸ்கி என்னும் எழுத்துக்குறி முறை வகுக்கப்பட்டபோது, கேரேஜ் ரிட்டர்னுக்கு 13 என்ற எண்ணும், லைன் ஃபீடுக்கு 10 என்ற எண்ணும் அளிக்கப்பட்டன. அக்காலத்து டெலிடைப் இயந்திரம் வினாடிக்குப் பத்து எழுத்துக்கள் அடிக்கும். ஆனால் வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் திரும்ப ஓரெழுத்து நேரம் போதாது. ஆகவே 13ஐ முதலிலும் 10ஐ அடுத்தும் அனுப்பினால், தாள் நகரும் நேரத்தில் தலையும் வந்து சேர்ந்துவிடும். அந்த ஏற்பாட்டை அறிந்தபோது, அதை அமைத்தவர்களின் கூர்மையை எண்ணி மகிழ்ந்தேன்.

பிரிவு தோன்றியது அதன் பிறகு. 1969ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். கோப்பில் வரி முடிந்தது என்று அறிய ஒரு குறியே போதும் என்று, மல்டிக்ஸ் என்ற முந்தைய அமைப்பைப் பின்பற்றி, 10ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். அச்சுக்கு அனுப்பும்போது 13ஐச் சேர்ப்பது இடையிலுள்ள மென்பொருளின் வேலை. லினக்ஸ் அந்த வழியில் வந்தது. 1974இல் கேரி கில்டால் உருவாக்கிய சி.பி.எம். என்ற இயங்குதளமோ, அச்சுப்பொறி எதிர்பார்க்கும் இரண்டையும் கோப்பிலேயே வைத்தது. 1981இல் வந்த டாஸ் அதைப் பின்பற்றியது, விண்டோஸ் டாஸைப் பின்பற்றியது. மூன்றாவதாக, ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் 2001ஆம் ஆண்டு வரை 13ஐ மட்டும் வைத்திருந்தது! அப்படிப்பட்ட கோப்பை எங்கள் அச்சுப்பொறிக்கு நேராக அனுப்பியிருந்தால், தாள் நகராமல் 146 பெயர்களும் ஒரே வரியின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடிபட்டுக் கருங்கோடாகியிருக்கும். படிக்கட்டு அதைவிடத் தேவலாம்.

இப்போது எங்களுக்கு நேர்ந்தது விளங்கியிருக்கும். மருமகள் லினக்ஸில் அடித்த கோப்பில் 10 மட்டும் இருந்தது. நடுவில் மென்பொருள் இல்லாமல் நேராக அனுப்பியதால் 13ஐச் சேர்ப்பார் யாருமில்லை. தாள் இறங்கியது, தலை திரும்பவில்லை. மண்டிக் கணிப்பொறியில் விண்டோஸ் இருந்ததால் இத்தனை ஆண்டுகளும் இரண்டு குறிகளும் சேர்ந்தே சென்றுகொண்டிருந்தன. யாருடைய பிழையும் இல்லாமல் ஒரு பிழை.

மாணவர் முதலில் அச்சுப்பொறியின் பின்புறத்திலுள்ள ஒரு சின்னஞ்சிறு சுவிட்சைத் தள்ளிப் பார்த்தார். படிக்கட்டு மாறவில்லை. அது 13 வரும்போது 10ஐத் தானாகச் சேர்க்கும் சுவிட்ச். எங்களுக்கு வேண்டியதோ அதன் மறுதலை. பிறகு 'யுனிக்ஸ் டூ டாஸ்' என்ற சிறு கருவியைக் கோப்பின்மேல் ஓட்டினார். கண்ணிமைக்கும் நேரம். ஒவ்வொரு 10க்கு முன்பும் ஒரு 13 சேர்ந்தது. மீண்டும் அச்சிட்டபோது பெயர்கள் ஒழுங்காக இடது ஓரத்தில் வந்தன, ஆனால் ஒன்றுவிட்டு ஒரு வரி வெற்றாக! அந்தச் சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தள்ள மறந்திருந்தார். அதன்பின் எல்லாம் சரியாயிற்று. ஏட்டறிவு உள்ளவரும் சறுக்குவார் என்பது எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

கட்டளைகள் அடிக்கத் தெரியாதவர்களுக்கு வேறு வழியும் காட்டினார். லினக்ஸில் உள்ள ஜிஎடிட் என்ற எழுதும் மென்பொருளில், கோப்பைப் புதிய பெயரில் சேமிக்கும் பெட்டியின் அடியில், வரிமுடிவு எந்த வகை என்று கேட்கும் ஓரிடம் இருக்கிறது. அதில் விண்டோஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். மறுபுறம் செல்வோருக்கு 'டாஸ் டூ யுனிக்ஸ்' இருக்கிறது. விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸில் பார்க்கையில் சிலவேளை வரிதோறும் கடைசியில் ஒரு கூரைக்குறியும் எம் என்ற எழுத்தும் தோன்றும். ஏன் எம் என்றேன். "எம் ஆங்கிலத்தில் எத்தனையாவது எழுத்து ஹஜ்ரத்?" விரல்விட்டு எண்ணினேன். பதின்மூன்று. பத்தாவது எழுத்து ஜே. லைன் ஃபீடின் அடையாளம் அதுதானாம். பிள்ளைகளுக்கு அலிஃப், பே எண்ணக் கற்றுக்கொடுப்பவன், அன்று ஆங்கில அரிச்சுவடியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வரிமுடிவு என்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஹிஃப்ழு செய்யும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? மதீனாவில் அச்சாகும் முஸ்ஹஃபில் பக்கத்துக்குப் பதினைந்து வரிகள், மொத்தம் 604 பக்கங்கள், ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தின் முடிவோடு நிறைவுறும். எந்த ஆயத் எந்தப் பக்கத்தின் எந்த வரியில் முடிகிறது என்பதும் சேர்ந்தே பிள்ளையின் நெஞ்சில் பதிகிறது. வேறு அமைப்பில் அச்சான பிரதியைக் கையில் கொடுத்தால், ஓதத் தெரிந்த பிள்ளையே சிறிது திகைத்து நிற்கும். எங்கள் ஊர்க் கல்வெட்டுகளோ நேர்மாறானவை. குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இங்கே இருக்கின்றன, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. அங்கே கல் முடிந்த இடத்தில் சொல் பாதியில் நிற்கும். அடுத்த வரியில் தொடரும். படிப்பவன் மனிதன் என்பதால் கண்ணே திரும்பிவந்துவிடுகிறது, கட்டளை வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு ரமளானில் பட்டியலை நானே மாற்றி, நானே அச்சிட்டேன். மருமகள் அருகில் நின்று வேடிக்கை பார்த்தாள். கடைசி வரிக்குக் கீழே மொத்த வீடுகளின் எண்ணிக்கையை அடிக்கும் பழக்கத்தை அன்றே தொடங்கினேன். பொட்டலங்களை அந்த எண்ணோடு ஒத்துப்பார்த்த பிறகே வெளியே அனுப்புகிறோம். அந்த ஆண்டு பெரியம்மாவின் பொட்டலத்தை நானே கொண்டுபோனேன். "நீங்களே வரணுமா ஹஜ்ரத்?" என்று கேட்டாரே தவிர, முந்தைய ஆண்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு அவர் மவ்த்தாகிவிட்டார். அல்லாஹ் அவரது கப்ரை விசாலமாக்குவானாக.

அந்த அச்சுப்பொறிக்கு ரிப்பன் கிடைப்பது அரிதாகி, இப்போது அது மண்டியின் பரணில் கிடக்கிறது. பட்டியலைப் பென்டிரைவில் போட்டுக் கடைத்தெரு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுசெல்கிறேன். 2018ஆம் ஆண்டு முதல் விண்டோஸின் நோட்பேட் தனித்து நிற்கும் 10ஐயும் வரிமுடிவாக ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் சில கடைகளில் பழைய விண்டோஸ்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு மாற்றாத பிரதியைத் தவறுதலாகக் கொண்டுபோய்விட்டேன். கடைப் பையன் திறந்தான். எல்லாப் பெயர்களும் இடைவெளியின்றி ஒரே நீண்ட வரியாக ஒட்டிக்கொண்டு நின்றன. "பாய், ஃபைல் கெட்டுப்போச்சு" என்றான். கெடவில்லை தம்பி, கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, மாற்றிய பிரதியை எடுத்துவர வீட்டுக்கு நடந்தேன்.